பிரேக் லைனிங்கில் கிடைத்த பிட்சர்

ஐந்தாவது செமஸ்டரில் ஆட்டோமொபைல் பாடத்துக்கு ஆளுக்கொரு செமினார். ரோல் நம்பர் வரிசைப்படி சார் தலைப்புக் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கு டர்போசார்ஜர், எலெக்ட்ரிக் கார் என்று நல்ல நல்ல தலைப்பாக விழுந்தது. எனக்கு விழுந்தது பிரேக் லைனிங்.

"இதுல பேசறதுக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"தேய்மானம் இருக்கும்மா. அதப் பத்திச் சொல்லு, போதும்" என்றார். வகுப்பே சிரித்தது.

தேய்மானத்தைத் தேடிப் போன இடத்தில்தான் தேயாத ஒரு கையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே 1919 முதல் ரேபெஸ்டாஸ் என்ற பெயரில் பிரேக் லைனிங், கிளட்ச் ஃபேஸிங் செய்த பெரிய தொழிற்சாலை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்த லைனிங். அந்தக் கம்பெனியைப் பற்றிப் படித்துக்கொண்டே போனால் நடுவில் 'ரேபெஸ்டாஸ் பிரேக்கெட்ஸ்' என்று வருகிறது. ஏதோ பிரேக்கின் உதிரி பாகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் அது பெண்கள் சாஃப்ட்பால் அணி! 1947இல் தொடங்கியது. பிரேக் செய்கிற கம்பெனியின் பெண்கள் என்பதால் பிரேக்கெட்ஸ். அந்த அணியின் பிட்சர்தான் ஜோன் ஜாய்ஸ். மொத்தக் கணக்கில் 753 வெற்றி, 42 தோல்வி.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நூறு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 95 வெற்றி. செமினார் அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டது.

அது ஏன் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டுமானால் என் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் நான் நம் கல்லூரி த்ரோபால் அணியில் இருந்தேன். இரண்டாம் வருஷம் கணக்கில் ஒரு அரியர் விழுந்தது. வீட்டில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பந்து எறிஞ்சா வேல குடுப்பாங்களாடி?" பதில் சொல்லத் தெரியவில்லை. ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அரியரை எழுதி முடித்துவிட்டேன். ஆனால் ஷூவை வெளியே எடுக்கவில்லை.

ஜாய்ஸின் கதையை அந்தக் கேள்வியோடுதான் படித்தேன்.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1887இல் சிகாகோவில், படகுக் கழகம் ஒன்றின் கூடத்துக்குள்ளே, சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாக வைத்து விளையாட்டாகத் தொடங்கியது இது. பேஸ்பாலின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பிட்சர் பந்தைக் கைக்குக் கீழிருந்து எறிய வேண்டும். தலைக்கு மேல் கொண்டுபோய் வீசக்கூடாது. எதிரே மட்டையோடு நிற்பவர் பேட்டர். அடிக்க வாகாக வந்த பந்தை விட்டுவிட்டாலோ, வீசித் தவறினாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் ஆள் அவுட். ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். பெயர்தான் 'சாஃப்ட்'. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம். நம் கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம்தான். முகத்தில் பட்டால் எது மெத்து என்று அப்போது தெரியும்.

"கீழிருந்து எறிவதுதானே, என்ன வேகம் வந்துவிடும்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கணக்குப் போடுவோம். அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடைவெளி 40 அடி, அதாவது 12.2 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் பேட்டருக்குக் கிடைப்பது 0.44 விநாடி. கிரிக்கெட்டில் இந்தக் கிரீஸிலிருந்து அந்தக் கிரீஸுக்கு 58 அடி. அதே 0.44 விநாடியில் பந்து வந்து சேர வேண்டுமென்றால் பந்துவீச்சாளர் மணிக்கு 145 கிலோமீட்டரில் வீச வேண்டும். அதுவும் நம் பந்து தரையில் பட்டு எழும்பி வரும். அது நேராக வந்து, கிட்டே வந்ததும் சுழற்சியால் கீழே விழும், அல்லது எதிர்பார்த்ததைவிட மேலேயே நிற்கும். புரிகிறதா, இது வெறும் பொழுதுபோக்கு ஆட்டமில்லை.

ஜோன் ஜாய்ஸ் 1940இல் வாட்டர்பரி என்ற ஊரில் பிறந்தவர். பித்தளைத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா, அம்மா இருவருமே தொழிற்சாலை வேலைக்காரர்கள். அப்பா சாஃப்ட்பால் ஆடுவார். அவர் பின்னாலேயே மைதானத்துக்குப் போன பிள்ளை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 1954இல், பதிமூன்று வயதில், பிரேக்கெட்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தவுடனே பெரிய பிட்சர் ஆகிவிடவில்லை. முதலில் மற்ற இடங்களில்தான் நின்று ஆடினார். பந்து வீசிப் பார்த்தால் வேகம் இருக்கும், குறி இருக்காது. கையை முழு வட்டமாக, காற்றாலை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி விடுகிற முறையில் எறிந்துகொண்டிருந்தார். ஆண்கள் அணியில் பந்து வீசிப் பழகிய ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வேறு முறையில் எறிந்து பார்க்கச் சொன்னார். கையை வட்டமாகச் சுற்றாமல், உண்டிவில்லின் ரப்பரை இழுப்பது மாதிரி பின்னால் மேலே கொண்டுபோய், அப்படியே இடுப்பை ஒட்டி முன்னால் சொடுக்குவது. பந்து குறிக்கு வந்தது. அதன் பிறகு ஆயுள் முழுக்க அதுதான் அவர் முறை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். நம் லேத்தில் டூலின் கோணம் ஒரு டிகிரி மாறினால் மேற்பரப்பே மாறிவிடுகிறது இல்லையா? அதுபோலத்தான். திறமை எங்கேயோ இருக்கிறது. அதை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்ல, தெரிந்த ஒருவர் சரியான நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார். பெர்த்தா டிக்கி என்ற மூத்த பிட்சர், ஜாய்ஸுக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும்போது இந்த அணிக்கு வந்தார். டிக்கியின் மொத்தக் கணக்கு 757 வெற்றி. ஒரே அணியில் ஒருவர் 757, இன்னொருவர் 753! அக்காவைப் பார்த்துத் தங்கச்சி கற்றுக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். 1958இல் பிரேக்கெட்ஸ் முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது ஜாய்ஸுக்குப் பதினெட்டு வயது.

இனி, எல்லோரும் சொல்லும் அந்தக் கதை. 1961 ஆகஸ்ட். வாட்டர்பரி நகராட்சி மைதானம். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி. பதினேழாயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். மட்டையோடு வந்து நின்றவர் டெட் வில்லியம்ஸ். பேஸ்பாலில் அவர் யார் என்றால், 1941இல் ஒரு சீசன் முழுக்க ஆடி .406 சராசரி வைத்தவர். அதற்குப் பிறகு அவர் ஆடிய லீகில் எந்த ஆட்டக்காரரும் சீசன் முடிவில் .400ஐத் தொடவில்லை. முந்தைய வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கண் கூர்மைக்குப் பேர்போன மனிதர்.

எதிரே சொந்த ஊர்ப் பெண், இருபது வயது.

முப்பது நாற்பது பந்துகள் வீசினார். வில்லியம்ஸ் மட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கோ ஒன்றிரண்டு, மட்டையின் ஓரத்தில் உரசிப் போனதோடு சரி. கடைசியில் மட்டையைப் போட்டுவிட்டு நடந்துவிட்டார். பல வருஷம் கழித்து, 1978இல், ஹோம் ரன் மன்னர் ஹாங்க் ஆரனும் ஒரு காட்சி ஆட்டத்தில் இவர் பந்தை அடிக்க முடியாமல் போனார்.

ஜாய்ஸ் என்று சொன்னாலே எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சின்ன வருத்தம். ஒரு பெண் இருபது வருஷத்துக்கு மேல் ஆடி 753 ஆட்டம் ஜெயித்திருக்கிறாள். அதில் 150 ஆட்டத்தில் எதிரணி ஒரு ஹிட் கூட எடுக்கவில்லை. ஐம்பது ஆட்டத்தில் எதிரணியிலிருந்து ஒரு ஆள் கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. இத்தனையும் ஒரு பக்கம் கிடக்க, ஒரு ஆணை அடிக்க விடாமல் செய்த ஒரு மாலைப் பொழுதுதான் அவளுக்கு அடையாளமாகிவிட்டது. மெக்கானிக்கல் வகுப்பில் இருக்கும் மூன்று பெண்களில் நானும் ஒருத்தி. "பையன்களவிட நல்லா ஃபைலிங் பண்றியே" என்று சொன்னால் அது பாராட்டா என்று யோசிக்கத் தோன்றும் இல்லையா, அந்த மாதிரி.

சரி, இத்தனை ஆட்டத்துக்கும் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்று தேடினேன். அம்மாவின் கேள்வி ஆயிற்றே! சம்பளமே இல்லை. அது அமெச்சூர் ஆட்டம். பிரேக்கெட்ஸில் பலர் பகலில் அதே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். வேலை முடிந்த பிறகு பயிற்சி, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், கோடை முழுக்க வெளியூர்ப் பயணம். மறுநாள் காலையில் திரும்பவும் வேலை.

'அமெச்சூர்' என்றால் நம் ஊரில் ஒரு மாதிரியாகத்தான் சொல்வோம். வேலை அரைகுறையாக இருந்தால், "என்னப்பா, அமெச்சூரா பண்ணியிருக்க" என்போம். ஆனால் அந்தச் சொல்லுக்கு வேரில் உள்ள அர்த்தம் 'விரும்புகிறவர்' என்பது. காசுக்காக அல்ல, பிடித்திருப்பதால் செய்கிறவர். பிடித்துச் செய்கிறவர் அரைகுறையாகச் செய்வார் என்று நாமாக எப்படி முடிவு கட்டினோம்? ஜாய்ஸ் ஆடியது அமெச்சூர் ஆட்டம். அதில் அரைகுறை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் பார்ப்போம்.

1964 முதல் 1966 வரை கலிபோர்னியாவில் சாப்மன் கல்லூரியில் படித்தபோது அங்கே ஆரஞ்ச் லயனெட்ஸ் அணிக்கு ஆடினார். 1965இல் அந்த அணி தேசிய சாம்பியன். 1967இல் மறுபடி பிரேக்கெட்ஸுக்குத் திரும்பினார். 1971இல் தொடங்கி அந்த அணி தொடர்ந்து எட்டு வருஷம் தேசியப் பட்டத்தை விடவே இல்லை. அதில் முதல் ஐந்து வருஷம் ஜாய்ஸ் இருந்தார். 1974இல் உலக சாம்பியன்ஷிப் ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே நடந்தது. பிரேக்கெட்ஸ்தான் அமெரிக்க அணி. சொந்த மைதானத்தில் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். மொத்தம் பதினெட்டு முறை அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானார். இடையிடையே கூடைப்பந்து வேறு. அதிலும் ஒரே ஆட்டத்தில் 67 புள்ளி எடுத்திருக்கிறார். அது போதாதென்று கைப்பந்து!

ஒலிம்பிக்? அதுதான் இல்லை. பெண்கள் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1996இல்தான். அப்போது அவருக்கு 56 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. காலம் அவரை விட முப்பது வருஷம் பிந்தி வந்தது.

1976இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கோடு சேர்ந்து பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை சாஃப்ட்பால் லீகைத் தொடங்கினார். அவருடைய கனெக்டிகட் ஃபால்கன்ஸ் அணி நாலு வருஷமும் ஜெயித்தது. நாலு வருஷத்தோடு லீகே மூடிப் போனது. பணம் கட்டுப்படியாகவில்லை. ஆட்டத்தில் இவ்வளவு ஜெயித்தவரால் அந்தக் கணக்கில் ஜெயிக்க முடியவில்லை.

வேறு யாராவது என்றால் அதோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் முப்பத்தைந்து வயது வாக்கில் கோல்ஃப் மட்டையை எடுத்துப் பழகினார். 1977இல் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் சேர்ந்து 1994 வரை ஆடினார். 1982இல் ஒரு சுற்றின் பதினெட்டுக் குழிகளையும் பதினேழே 'பட்' அடியில் முடித்து ஒரு சாதனை வைத்தார். பந்தைக் குழிக்கு அருகே கொண்டுவந்த பிறகு புல்தரையில் மெல்லத் தட்டி உருட்டுவதுதான் 'பட்'. குழிக்கு ஒன்று கூட ஆகவில்லை! மணிக்கு நூறு கிலோமீட்டரில் எறிந்த கைதான் அத்தனை மெதுவாகவும் தட்டியது.

அப்புறம் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் அணியை முதல் நாளிலிருந்து உருவாக்கும் வேலை. 1995இல் முதல் சீசன். இருபத்தெட்டு சீசன்கள் அங்கேயே பயிற்சியாளர். 2022 மார்ச் மாதம் அந்த அணியோடு தன் ஆயிரமாவது வெற்றியைப் பார்த்தார். அடுத்த சில நாட்களில், அதே மாதம் 26ஆம் தேதி, 81 வயதில் காலமானார். பதிமூன்றில் சேர்ந்தவர், 81 வரை மைதானத்தை விட்டுப் போகவே இல்லை.

இதோடு நிறுத்தினால் "முயன்றால் முடியாதது இல்லை" என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் என் செமினார் பிரேக் லைனிங் பற்றியது. அதனால் மறுபக்கத்தையும் படிக்க வேண்டி வந்தது.

அந்த லைனிங்கில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் ஆளைத் தின்றுவிடும். ஃபேக்டரியில் மிஞ்சிய கழிவை ஊரில் பள்ளம் நிரப்புகிற மண்ணாகப் பல இடங்களில் கொட்டியிருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், இன்னும் சில ரசாயனங்கள். அப்படிக் கொட்டிய இடங்களில் ஒன்று, பிரேக்கெட்ஸ் ஆடிய அதே ரேபெஸ்டாஸ் மெமோரியல் மைதானம். 1980களின் கடைசியில் அணி வேறு மைதானத்துக்குப் போனது. 1989இல் ஃபேக்டரி மூடப்பட்டது. 1995இல் அரசாங்கம் அந்த இடத்தை நாட்டிலேயே அவசரமாகச் சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அணிக்குப் பெயர் கொடுத்ததும் அந்தக் கம்பெனிதான். வேலை கொடுத்ததும், மைதானம் கொடுத்ததும், விளக்குப் போட்டதும் அதுதான். அந்த மைதானத்தின் காலடியில் விஷத்தைப் போட்டதும் அதுவேதான். இரண்டில் எதையும் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது பொய்.

ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஜாய்ஸின் கை அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கை இருபது வருஷம் ஆட, வேலை முடிந்து வருகிறவளுக்கு ஒரு மைதானம் திறந்திருக்க வேண்டியிருந்தது. இருட்டின பிறகு ஒரு விளக்கு எரிய வேண்டியிருந்தது. பதிமூன்று வயதுப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஓர் அணி, "இப்படி எறிந்து பார்" என்று சொல்ல ஒரு மூத்தவர். ஆர்வம் மட்டும் இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

செமினாரில் இருபது நிமிஷம் தேய்மானமும் ஐந்து நிமிஷம் ஜாய்ஸும் பேசினேன். சார் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தம்மா எத்தனை ஸ்ட்ரைக்-அவுட்?" என்றுதான் கேட்டார். பத்தாயிரத்துக்கு மேல் என்றேன். வகுப்பு இந்த முறை சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "எழுநூத்தி அம்பத்து மூணு மேட்ச் ஜெயிச்சிருக்காங்கம்மா."

"எவ்வளவு குடுத்தாங்களாம்?"

"ஒண்ணும் குடுக்கல. வேலைக்கும் போய்க்கிட்டு, சாயங்காலம் ஆடுனாங்க."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்கூட எட்டாவது படிக்கறப்ப ரிங் பால் நல்லா ஆடுவேன்" என்றார். இருபது வருஷமாக என்னிடம் சொல்லாத சேதி அது. அம்மாவுக்கு அரியர் விழவில்லை. எட்டாவதோடு படிப்பே நின்றுவிட்டது. மைதானமும் அன்றோடு சரி.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துவிட்டேன். சோல் பிய்ந்திருந்தது, தைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் முதலாம் ஆண்டுத் தங்கச்சிகள் ஆறேழு பேரோடு பந்து எறிகிறேன். இந்த வருஷம் அணியில் இடம் கிடைக்கவில்லை. பழக்கம் விட்டுப் போன தோள்பட்டை அவ்வளவு சீக்கிரம் மன்னிக்காது. பரவாயில்லை. படிப்பு முடிந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஷிஃப்ட் முடிந்த பிறகு எறிய ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

யூனியன் மலரில் எழுதுவதால், அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வரும் தோழர், தோழியருக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு லேப் முடியும்போது மணி நாலே முக்கால். ஐந்தரைக்கு மைதானத்தைப் பூட்டிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அதற்கு முன்பே பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கிழக்குப் பக்கக் கம்பத்தில் இரண்டு விளக்கு, ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்த கேட். எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் ஒயரிங் செய்து தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தீர்மானம் போட்டு முதல்வர் அவர்களிடம் கையெழுத்து வாங்குவது உங்கள் பொறுப்பு.

– மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை